வாகனத் திருத்தகமும் சோலைவரிப் பணமும்

எங்கள் ஒழுங்கைக்குக் குப்பை எடுக்க வரும் உழவு இயந்திரம் பதினேழு நாட்களாக வரவில்லை. முதல் வாரம் பொறுத்தோம். இரண்டாம் வாரம் அயலவர்கள் என்னைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரன் ஒருவன் ஊரில் இருந்தால், மின்கம்பம் சரிந்தாலும் அவனிடம்தான் முறையிடுவார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியாத விடயமல்ல. ஆகவே ஒரு நாள் முற்பகல் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட உள்ளூராட்சி சபையின் வாகனத் திருத்தகத்துக்கே நேரில் சென்றேன். அந்தச் சபையின் பெயரை இங்கு எழுதப் போவதில்லை. அங்கு நான் கண்டது நம் நாட்டின் எந்தச் சபைக்கும் பொருந்தக்கூடியதே.

வெளியே கண்ணைக் கூசவைக்கும் வெயில். உள்ளே நுழைந்தால் இருட்டு. நண்பகலுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்க, கூரையிலே குழல்விளக்குகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. அவை போதாதென்று, உழவு இயந்திரத்தின் அடியில் படுத்திருந்த இளைஞன் கையிலும் ஒரு விளக்கு. தகரக் கூரையிலிருந்து இறங்கிய வெப்பம் தலையில் கைவைத்து அழுத்துவது போலிருந்தது. ஒரு மூலையில் யாரோ இடைவிடாமல் பெருமூச்சு விடுவது போன்ற ஓர் ஓசை. அதென்ன என்று அங்கிருந்த மூத்த மெக்கானிக்கைக் கேட்டேன்.

"ஐயா, உது காத்துப் போற சத்தம். கொம்பிரசர் குழாய் வெடிச்சுப்போய்க் கிடக்குது. நாங்கள் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனம். இப்ப உந்தச் சத்தம் இல்லாட்டித்தான் எங்களுக்கு வேலை ஓடாது" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியில்தான் அந்தச் சிரிப்பு உறுத்தியது. அந்த ஓசைக்கு மின்பட்டியல் வருகிறது. அந்தப் பட்டியலை நானும் என் அயலவர்களும் கட்டும் சோலைவரி செலுத்துகிறது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய காற்று, எவருக்கும் பயனின்றி அந்த மூலையிலே போய்க்கொண்டிருக்கிறது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்த பின்னர், ஈராண்டுகளுக்கு மேலாக அவை மக்கள் பிரதிநிதிகளின்றியே இயங்கின. 2025 மே 6ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் பின்னரே புதிய உறுப்பினர்கள் வந்தமர்ந்தார்கள். தேங்கிக் கிடந்த வேலைகள் ஏராளம். பழைய கட்டடங்களை இடித்துப் புதியன கட்டும் பேச்சு பல சபைகளில் எழுகிறது. நான் சென்ற திருத்தகத்துக்கும் புதிய கட்டடமொன்றின் வரைபடம் தயாராக இருப்பதாகச் சொல்லி, அதன் பிரதியொன்றை எனக்குக் காட்டினார்கள். நாற்புறமும் சுவர் எழுப்பிய நீண்ட மண்டபம். உயரத்தில் இருபது பெரிய விளக்குகள். முன்புறம் கண்ணாடியிட்ட, குளிரூட்டப்பட்ட அலுவலகம். கூரையின் மேல் சூரிய மின்படல்கள். 'பசுமைத் திட்டம்' என்று மேலே எழுதியிருந்தது. சூரியனைக் கூரைக்கு மேலே பிடித்து மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தால் கூரைக்குக் கீழே பகலில் விளக்கேற்றுவதுதான் அந்தத் திட்டத்தின் சாரம். நேராக உள்ளே வரக்கூடிய வெளிச்சத்துக்கு ஏன் இவ்வளவு சுற்றுப்பாதை என்று நான் கேட்டேன். பதில் வரவில்லை.

நான் பொறியியலாளன் அல்லன். ஆனால் நாற்பதாண்டு காலம் செய்தி சேகரித்தவனுக்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் மட்டும் விட்டுப்போவதில்லை. ஓய்வுபெற்ற பொறியியலாள நண்பர் ஒருவரை இருத்திவைத்து, பல மாலைப்பொழுதுகள் அவரைத் துளைத்தெடுத்ததில் நான் விளங்கிக்கொண்டவற்றையே இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் வெளிச்சம். இத்தகைய மண்டபங்களில் வழமையாகப் பொருத்தப்படும் 400 வாற் பெருவிளக்கு, அதன் துணைக்கருவி உண்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ 450 வாற் எடுக்கும். இருபது விளக்குகள் எனில் 9 கிலோவாற். நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் எரிந்தால் 72 அலகுகள். இவற்றுக்குப் பதிலாக 150 வாற் எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்தினால் அதே நேரத்துக்கு 24 அலகுகள். கூரைப் பரப்பின் நூறில் நான்கைந்து பங்குக்கு ஒளி ஊடுருவும் தகடுகளை இட்டு, வடக்குச் சுவரின் மேற்பகுதியையும் திறந்துவிட்டால், மழைமூட்டமான வேளைகளுக்கும் மாலைக்குமாக இரண்டு மணித்தியாலம் விளக்கெரித்தாலே போதும். அப்போது 6 அலகுகள். எழுபத்திரண்டு எங்கே, ஆறு எங்கே? வருடத்துக்கு 300 வேலைநாட்கள் என்று வைத்தால் 21,600 அலகுகள் 1,800 ஆகக் குறைகின்றன.

இதையே சூரியப்படல்களின் கணக்கில் பார்ப்போம். எமது நாட்டில் ஒரு கிலோவாற் படல் நாளொன்றுக்குச் சராசரியாக மூன்றரை முதல் நான்கு அலகு வரை தரும். ஆகவே மிச்சப்படும் 66 அலகுகளை உற்பத்தி செய்ய 17, 18 கிலோவாற் படல்கள் வேண்டும். சில ஒளித்தகடுகளை இட்டால் அத்தனை படல்களையும் வாங்காமலே விடலாம். முதலில் குறை, பிறகு உற்பத்தி செய் என்பதே இதில் பாலபாடம். நமது சபைகள் இந்தப் பாடத்தைக் கடைசியிலிருந்து படிக்கின்றன. படல்களுக்குத் திறப்புவிழா எடுக்கலாம்; நாடா வெட்டலாம்; படம் பிடிக்கலாம். ஒளித்தகட்டுக்கு யார் நாடா வெட்டுவார்?

அடுத்தது வெப்பம். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு ஒன்பதே முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆவணி நடுப்பகுதியிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆக, நமது கட்டடங்களுக்குப் பிரதான வெப்பம் கூரையால் வருகிறது. அதற்கடுத்து, தாழ்ந்த வெயில் விழும் கிழக்கு, மேற்குச் சுவர்களால் வருகிறது. கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்திருந்தால் ஓரளவு தாழ்வாரமே வெயிலை மறித்துவிடும். கூரையை வெள்ளையாகப் பூசி, தகட்டின் கீழ் வெப்பக் காப்பு இட்டு, முகட்டில் சூடான காற்று வெளியேற வழிவைத்தால், உள்ளே நிற்பவனுக்கு உயிர் வரும். இவற்றில் எதற்குமே மின்சாரம் தேவையில்லை.

வரைபடத்தில் இருந்த மண்டபத்தின் நீண்ட பக்கங்கள் கிழக்கையும் மேற்கையும் பார்த்திருந்தன. ஏனென்று விசாரித்தேன். வீதி அந்தப் பக்கம் இருக்கிறதாம். முகப்பு வீதிக்குத் தெரிய வேண்டுமாம்!

நம் முன்னோர் இப்படிக் கட்டியவர்கள் அல்லர். நாற்சார் வீட்டின் நடுமுற்றம் வெளிச்சத்தையும் காற்றையும் செலவின்றித் தந்தது. சோழகம் எந்தப் பக்கத்தால் வரும், வாடை எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்பது வேலி அடைக்கும் தொழிலாளிக்குக்கூடத் தெரிந்திருந்தது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோழகம். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை. இந்த இரண்டையும் கட்டடத்துக்கூடாக நடக்கவிட்டால், மின்விசிறியின் வேலை பாதி குறையும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வாகனத் திருத்தகத்தில் வர்ணம் தெளிக்கும் இடமும் வெல்டிங் செய்யும் இடமும் புகையையும் நச்சு ஆவியையும் கிளப்புபவை. இவற்றைத் தென்மேற்கில் வைத்தால் சோழகம் அந்தப் புகையை மண்டபம் முழுவதும் பரப்பும். வடகிழக்கில் வைத்தால் வாடை அதே வேலையைச் செய்யும். ஆகவே இரு காற்றும் குறுக்கிடாத தென்கிழக்கு அல்லது வடமேற்கு மூலையே உகந்தது. வாஸ்து பார்ப்பவர்கள் தென்கிழக்கு அக்கினி மூலை என்று மகிழ்ந்துகொள்ளலாம். காற்றைப் பார்ப்பவர்களும் அதே மூலைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். சண்டைக்கு இடமில்லை.

மூன்றாவதாக, அந்தப் பெருமூச்சு. அழுத்தப்பட்ட காற்று என்பது ஒரு வேலைத்தளத்தில் பாவிக்கப்படும் சக்திகளுள் மிக விலை கூடியது என்றார் நண்பர். கொம்பிரசருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்குதான் கருவியின் முனையில் வேலையாக மாறுகிறது. மீதி வெப்பமாகப் போகிறது. கவனிப்பில்லாத வேலைத்தளங்களில், இவ்வாறு அரும்பாடுபட்டு அழுத்திய காற்றிலும் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை ஒழுகிப் போவது சர்வசாதாரணம். 10 குதிரைவலு, அதாவது ஏழரைக் கிலோவாற் கொம்பிரசர் ஒன்று நாளுக்கு 4 மணித்தியாலம் ஓடினால் 30 அலகுகள். அதில் காற்பங்கு ஒழுக்கு என்றால் வருடத்துக்கு 2,250 அலகுகள். இதை நிறுத்தப் புதிய கட்டடமே தேவையில்லை. சில முழம் குழாய், சில இணைப்புகள், சவர்க்கார நுரை பூசி ஒழுக்கைக் கண்டுபிடிக்க ஒரு பிற்பகல். மூத்த மெக்கானிக் இதைக் கேட்டுக் களைத்துப்போனது குழாய்க்குப் பணமில்லாததால் அல்ல. குழாய் வாங்குவதற்குரிய படிவத்தில் ஒப்பமிட வேண்டியவருக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை. அவருடைய அறையில் குளிரூட்டி ஓடுகிறது.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது நண்பர் என்னை ஒரு கேள்வியால் மடக்கினார். "நீ மின்பட்டியலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். திருத்தகத்தின் உண்மையான சக்திச் செலவு மின்மானியில் இல்லை, வாகனங்களின் டீசல் தாங்கியில் இருக்கிறது, தெரியுமா?" என்றார்.

நான் யோசித்திராத பக்கம் அது. பெரிய டீசல் வாகனம் ஒன்று நின்ற இடத்திலேயே இயங்கிக்கொண்டிருந்தால் மணிக்கு இரண்டு, மூன்று லீற்றர் குடிக்கும். கழுவுவதற்கும் எண்ணெய் நிரப்புவதற்கும் பரிசோதனைக்குமாக வரிசையில் நிற்கும் பத்து வாகனங்கள் ஒவ்வொன்றும் நாளுக்கு அரை மணித்தியாலம் வீணாக இயங்கினால், 300 நாட்களில் ஏறத்தாழ 3,750 லீற்றர் டீசல் போய்விடும். ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 10 அலகுக்குச் சமமான வெப்பசக்தி உண்டு. அப்படியானால் அந்த வரிசையில் எரிந்துபோவது 37,500 அலகு. இருபது பெருவிளக்குகளும் வருடம் முழுவதும் எரித்த 21,600 அலகை விட இது அதிகம்!

வாகனம் ஒரு வாசலால் வந்து, கழுவுமிடம், பரிசோதனை, திருத்தம், எண்ணெய் என்று ஒரே திசையில் நகர்ந்து மறு வாசலால் வெளியேறும்படி முற்றத்தை அமைத்தால் வரிசையும் குறையும், பின்நோக்கி எடுப்பதும் குறையும். அதனால் விபத்தும் குறையும். ரயர்களின் காற்றழுத்தத்தை ஒவ்வொரு காலையும் பார்ப்பதற்கு வெளியேறும் வாசலிலேயே ஒரு காற்றுக் குழாய் இருந்தால் போதும். காற்றுக் குறைந்த ரயர் எரிபொருளையும் கூடுதலாக எடுக்கும், தானும் விரைவில் தேயும். அடைபட்ட வடிகட்டியோடும் பழுதான விசிறியோடும் ஓடும் வாகனமும் அப்படித்தான். சுருங்கச் சொன்னால், நல்ல திருத்தகம் தான் சேமிப்பதை விடத் தன்னிடம் வரும் வாகனங்கள் மூலம் அதிகம் சேமிக்கும். மெக்கானிக்குக்கு நல்ல வெளிச்சமும் நல்ல காற்றும் வேண்டுமென்று நான் வாதாடுவது இரக்கத்தினால் மட்டுமல்ல. வியர்வை கண்ணில் விழ, கைவிளக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு பூட்டிய ஆணி, சரியாகப் பூட்டப்பட்டிருக்கும் என்று நம்பமுடியுமா? எங்கள் ஒழுங்கைக்கு உழவு இயந்திரம் பதினேழு நாட்களாக வராததற்குக் காரணம், ஒரே பழுது இருமுறை திருத்தப்பட்டதே என்பதைப் பின்னர் அறிந்தேன்.

நிற்க. தண்ணீரையும் எண்ணெயையும் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால், யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அருகதையில்லை. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே எங்கள் உயிர். அந்தக் கல் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்தது. மேலே ஊற்றியது கீழே போய்ச் சேர அதிக காலம் செல்லாது. 2014, 2015 காலப்பகுதியில் சுன்னாகத்திலும் அயலிலும் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையை உலகெங்குமுள்ள எம்மவர்கள் அறிவார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கு இயங்கிய மின்னுற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. பணம் வரலாம். கிணறு பழைய கிணறாகுமா?

மின்நிலையத்தைச் சுட்டிய விரல் நமது சொந்தத் திருத்தகங்களையும் சுட்ட வேண்டாமா? வடித்தெடுத்த பழைய ஒயில் ஒரு லீற்றர், பத்து லட்சம் லீற்றர் நீரைக் குடிக்க உதவாததாக்கும் என்பது உலகெங்கும் சூழலியலாளர் சொல்லும் கணக்கு. நான் சென்ற இடத்தில் பழைய ஒயில் பீப்பாய் திறந்தபடி மண்ணில் நின்றது. சுற்றிலும் கறுத்த சேறு. மாரி வெள்ளம் வரும்போது அது எங்கே போகும் என்று கேட்கத் தேவையில்லை. புதிய கட்டடத்தில் ஒயில் கையாளும் இடம் முழுவதும் கசியாத கொங்கிறீற் தளமாகவும், கூரைக்குக் கீழும், சிந்தியதைத் தேக்கும் விளிம்போடும் இருக்க வேண்டும். கழுவுமிடத்து நீர் எண்ணெய் பிரிக்கும் தொட்டியைத் தாண்டாமல் வெளியேறக் கூடாது. பிரித்த நீரை வடிகட்டி மீண்டும் கழுவப் பாவிக்கலாம். அதனால் நீர் இறைக்கும் மின்சாரமும் மிச்சம்.

கூரை நீரின் கணக்கும் சுவையானது. ஆயிரம் சதுரமீற்றர் கூரையில் வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றர் மழை பெய்தால் பன்னிரண்டு லட்சம் லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு சிந்திப்போனாலும் ஒன்பதரை லட்சத்துக்கு மேல் மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே பெரும்பகுதி கொட்டிவிடுவதால் முழுவதையும் தொட்டியில் தேக்க முடியாது. தேக்கியது போக மீதியை நிலத்துக்குள் இறக்கலாம். ஆனால் அது கூரையிலிருந்து வரும் சுத்தமான நீராக மட்டுமே இருக்க வேண்டும். முற்றத்து நீரையும் அதோடு கலந்துவிட்டால், நாமே குழாய் வைத்து எண்ணெயைக் கிணற்றுக்குள் ஊற்றியதாகிவிடும்.

சூரியப்படல்களுக்கு நான் எதிரி என்று எவரும் எண்ண வேண்டாம். பகலில் வேலைசெய்து மாலையில் பூட்டப்படும் திருத்தகத்தைப் போல் சூரிய மின்சாரத்துக்குப் பொருத்தமான இடம் அரிது. வீடுகளில் பகலில் உற்பத்தி, இரவில் பாவனை. இங்கோ இரண்டும் ஒரே நேரம். இதன் பெறுமதியை 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு கண்டது. ஒரு ஞாயிறு முற்பகல் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியது. பாணந்துறை உபமின்நிலையத்தில் பாய்ந்த குரங்கை எல்லோரும் பேசிச் சிரித்தோம். ஆனால் அன்று மின்தேவை குறைந்தும் சூரிய உற்பத்தி மிகுந்தும் இருந்ததால் மின்தொகுதி தாங்கும் வலுவற்று இருந்தது என்பதே பின்னர் சொல்லப்பட்ட விளக்கம். அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் வேளைகளில் கூரைப் படல்களை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. ஆகவே படல்களின் அளவை விற்பனையாளர் சொல்வதைக் கேட்டுத் தீர்மானிக்காமல், திருத்தகம் தானே பாவிக்கக்கூடிய அளவைக் கணக்கிட்டுத் தீர்மானிப்பது நல்லது. ஞாயிறு உற்பத்தியால் மேல்தொட்டிக்கு நீர் ஏற்றலாம். வரவிருக்கும் மின்வாகனங்களுக்கு மின்னேற்றலாம்.

மின்வாகனங்கள் என்றதும் சிலர் புன்னகைக்கக்கூடும். சீனாவின் சென்சென் நகரம் தன்னுடைய பதினாறாயிரத்துக்கும் அதிகமான பேருந்துகள் அனைத்தையும் 2017இன் இறுதிக்குள் மின்சாரத்துக்கு மாற்றியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். கடல் கடந்தால் சென்னை. அங்கே 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. நமது குப்பை வண்டிகளும் ஒரு நாள் மாறும். இன்று கட்டப்படும் திருத்தகம் நாற்பது வருடமாவது நிற்கும். தளத்துக்குக் கீழே வெறும் குழாய்களை இப்போதே புதைத்து, மின்மாற்றிக்கு ஓர் இடத்தையும் ஒதுக்கிவைத்தால், நாளை கொங்கிறீற்றை உடைக்க வேண்டியிராது. வெறும் குழாய்க்கு என்ன பெரிய செலவு?

"பட்டினி நாட்டுக்கு இதெல்லாம் தேவையா?" என்ற கேள்வி வரும். வரவேண்டும். ஆனால் மறுபக்கமாகக் கேட்டுப் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. வெளிச்சமில்லாமல் எத்தனை வேலைத்தளங்கள் முடங்கின? அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூட்டப்பட்டது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். பின்னர் குறைத்தார்கள். 2025 ஜூனில் மீண்டும் 15 சதவீதம் கூட்டினார்கள். கட்டணம் ஏறினாலும் இறங்கினாலும், பாவிக்காத அலகுக்குக் காசு இல்லை. சுவரில் வைத்த சாளரம் எந்த மின்வெட்டிலும் அணைவதில்லை. சிக்கனமாகக் கட்டுவது செல்வந்த நாடுகளின் ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கட்டியபின் நாற்பது வருடம் பட்டியல் கட்டும் வசதி செல்வந்தருக்குத்தான் உண்டு, நமக்கு இல்லை.

சிக்கனம் எங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டிய பாடமும் அல்ல. தொண்ணூறுகளில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாத யாழ்ப்பாணத்தில் இருந்து செய்தி அனுப்பியவன் நான். பெற்றோலின் சில துளிகளால் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர்களை ஓட்டிய மெக்கானிக்குகளை அறிவேன். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்துப் பல்கலைக்கழகம் போனார்கள். அது வறுமையால் வந்த திறமை. அதைப் புகழ்ந்து அந்தக் காலத்தை மீண்டும் அழைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தக் கைகளுக்கு உரியவர்கள் இன்னும் நமது திருத்தகங்களில் இருக்கிறார்கள். வரைபடம் தயாரித்தவர்களில் ஒருவராவது அவர்களிடம் சென்று, உங்களுக்கு எங்கே வெளிச்சம் வேண்டும், எங்கே காற்று வேண்டும் என்று கேட்டாரா? நான் கேட்டேன். அந்த மூத்த மெக்கானிக் வரைபடத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். அரை நிமிடம் பார்த்துவிட்டு, "ஐயா, பெரிய பவுசர் உந்த வாசலால உள்ள வராது" என்றார்.

வாசகர்களே, உங்களில் பலர் புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கிறீர்கள். ஊருக்கு உதவ விரும்பும் சங்கங்கள் குப்பை வண்டியையும் நோயாளர் காவு வண்டியையும் அனுப்புவதை அறிவேன். நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் வண்டியைத் திருத்தும் இடம் சீராக இல்லாவிட்டால், அந்த வண்டி மூன்றாம் வருடம் வேலியோரம் புல் மூடிக் கிடக்கும். உங்களிடையே பேருந்துப் பணிமனைகளிலும் வாகனத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, நல்லூரும் கீரிமலையும் பார்த்தபின் உங்கள் சபையின் திருத்தகத்தையும் ஒருதடவை எட்டிப் பாருங்கள். உங்கள் காசை விட உங்கள் கண் அங்கே அதிகம் பயன்படும்.

உறுப்பினர்களுக்கு நான் வைப்பது சில கேள்விகள் மட்டுமே. நண்பகலில் விளக்கின்றி வேலை செய்ய முடியுமா? சோழகம் எந்தப் பக்கத்தால் உள்ளே வரும்? பழைய ஒயிலும் கழுவிய நீரும் எங்கே போகும்? வாகனம் எத்தனை நிமிடம் வரிசையில் நிற்கும்? முதல் வருட மின்பட்டியல் எவ்வளவு என்று வரைந்தவர் எழுத்தில் தருவாரா? இந்த ஐந்துக்கும் பதில் கிடைக்காமல் கை உயர்த்தாதீர்கள். கட்டடத்துக்கு ஒரு தடவைதான் வாக்களிக்கிறீர்கள். அதன் பிழைகளுக்கு நாங்கள் மாதாமாதம் பணம் கட்டுகிறோம்.

எங்கள் ஒழுங்கைக்கு உழவு இயந்திரம் கடந்த செவ்வாய்க்கிழமை வந்தது. ஓட்டுநரிடம் கொம்பிரசர் குழாய் மாற்றியாயிற்றா என்று விசாரித்தேன். இன்னும் படிவத்தில் ஒப்பம் விழவில்லையாம். மூத்த மெக்கானிக் சைக்கிள் ரியூப் துண்டொன்றை வெட்டிச் சுற்றிக் கட்டியிருக்கிறாராம். சத்தம் சற்றுக் குறைந்திருக்கிறதாம்.